இரண்டாவது பெயர்

தன் பெயரைத் திரையில் பார்த்தபோது காலீன் தீசனுக்குக் காது மடல்கள் சூடேறின. அன்று காலை வெளியான ஆய்வுக்கட்டுரை அது. முதல் பெயர் பேராசிரியர் கோர்டன் லவாலேயுடையது, இரண்டாவது அவளுடையது. அந்தக் கட்டுரையை அவள் எழுதவில்லை. எழுத மாட்டேன் என்று போன மாதமே சொல்லியிருந்தாள்.

கனடாவின் வின்னிபெக்கில் ஒப்பந்த ஆய்வாளராக அவள் இருந்த வருடங்கள் முழுவதும் ஒரே கேள்வியில் கழிந்தன. செத்துச் சுருங்கிய நட்சத்திரங்களில் சில, நியூட்ரான்களும் நொறுங்கிப்போய், விந்தைக் குவார்க்குகள் என்ற நுண்துகள்கள் கலந்த குழம்பாக இருக்கக்கூடுமா? அதற்கான கணக்கும் கணினி நிரலும் அவளுடையவை. பிறகு வானியலாளர்கள் ஒரு நட்சத்திரத்தை எடை போட்டார்கள். அவளுடைய கணித மாதிரி தாங்கக்கூடியதைவிட அது கனமாக இருந்தது. சில நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம், தோற்றது தோற்றதுதான், அதையே எழுதி வெளியிடுவோம் என்றாள். லவாலே ஒரே ஓர் எண்ணைக் குறைக்கச் சொன்னார்: குவார்க்குகளை அமுக்கிக் கட்டிவைக்கும் அழுத்தத்துக்கான எண். அதைக் குறைத்தால் நட்சத்திரம் இன்னும் கனம் தாங்கும். அவள் மறுத்தாள். அவரே குறைத்துக் கட்டுரையும் எழுதிவிட்டார்.

காபி அறையில் லவாலே எல்லோருக்கும் டோனட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, கதாநாயகி!"

"என் பேரை எடுத்துடுங்க, கோர்டன்."

"பேரைச் சேர்க்கலைன்னு சண்டை போடுறவங்களைத்தான் பாத்திருக்கேன். வரைபடத்துல கோடு எவ்வளவு அழகா அந்த நட்சத்திரம் வழியாப் போகுது, பாத்தியா?"

"பாத்தேன். அந்த எண்ணை அவ்வளவு கீழ இறக்கினா சாதாரண அணுக்கருவே தாங்காது. இரும்பு, உப்பு, உங்க டோனட், உங்க மூக்கு, எல்லாம் எப்பவோ கரைஞ்சு குழம்பாயிருக்கணும். ஒரு நட்சத்திரத்தைக் காப்பாத்த உலகத்தையே காலி பண்ணிட்டீங்க!"

வானியலாளர் வாண்டா சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

"அது தோராயமான மாதிரிதானே. எல்லாருக்கும் தெரியும்," என்றார் லவாலே.

"தெரிஞ்சா அதை ஒரு வரி எழுதியிருக்கலாமே. ஏன் எழுதல?"

லவாலே டோனட் பெட்டியை மூடினார். குரல் தாழ்ந்தது. "ஆகஸ்ட்ல உன் ஒப்பந்தம் முடியுது. நிரந்தர வேலைக்கு உனக்காகப் பேசப்போறவன் நான். கையில வெற்றி எதுவும் இல்லாம எதை வச்சுப் பேசுவேன்? உனக்காகத்தான் போட்டேன்."

அவர் அதை நம்பியே சொன்னார். அவள் அம்மா இறந்தபோது அவளுடைய வகுப்புகளையெல்லாம் எடுத்தவர் அவர். அதனால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கூட இருந்தும், அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரியாத மனிதர்.

"நான் வேணாம்னு சொன்னதை, எனக்காகவா?" குரல் உடைந்தது. அழுதுவிடுவோமோ என்ற ஆத்திரம் வேறு. "என் பேரை எடுக்கச் சொல்லி இன்னைக்கே அந்த ஆய்விதழுக்கு எழுதுறேன். காரணத்தோட."

"யோசிச்சுக்கோ."

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன்."

எழுதி அனுப்பினாள். அதோடு நிரந்தர வேலையும் போகும் என்று தெரிந்தே அனுப்பினாள்.

வெளியே பனி கண்ணைக் கூசவைத்தது. காரை உயிர்ப்பித்து, அது சூடாகும்வரை நின்றாள். மேலே காபி அறை ஜன்னலில் ஆட்கள் இன்னும் கலையவில்லை. வாண்டா வெள்ளைப் பலகையில் வேகமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்; அந்த எண்ணைத்தான் சரிபார்க்கிறாள் போல. ஒவ்வொருவராக அவளைச் சுற்றி வந்து நின்றார்கள். கடைசியாக லவாலேயும் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பலகையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். பேனாவுக்கா, அழிப்பானுக்கா என்று அங்கிருந்து தெரியவில்லை.