நாற்பதாவது ரேகை

அந்த வெள்ளிக்கிழமை பொழுது அடைகிற நேரத்தில் முப்பத்தொன்பது பேர் வந்து போனார்கள். புத்தகத்தில் நாற்பது ரேகை இருந்தது.

ரைட்டர் துளசிராம் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். நாற்பதுதான். ஐப்பசி மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. நனைந்துகொண்டு வந்தவர்கள் அவசர அவசரமாக வைத்துவிட்டுப் போனதில் தலை எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று புத்தகத்தை மூடினார்.

நாகமலைக்கு மேற்கே இருந்த அந்த ஊர்ப் போலீஸ் கச்சேரியில் மூன்று வருஷமாக அவருக்கு இதுதான் உத்தியோகம். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அந்தியில் வந்து வலது கட்டைவிரலை மையில் உருட்டி, அவரவர் பேருக்கு நேரே இருக்கும் கட்டத்தில் ஒற்ற வேண்டும். ஒரு நாள் தவறினால் விலங்கு. சிலருக்கு ராத்திரிப் படுக்கையும் கச்சேரியிலேயேதான். களவாண்டவன், களவே அறியாதவன் என்ற பேதமெல்லாம் கிடையாது. அந்தச் சனத்தில் பிறந்ததே குற்றம் என்று எங்கேயோ உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரன் எழுதிவிட்டான். நாள் முழுக்க உழுதவன் கலப்பையை வரப்பில் சாத்திவிட்டு இங்கே ஓடிவந்தான். துளசிராம் மதுரையில், வீட்டுக்குள் வேறு பாஷை பேசும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறிக்குழியில் கால் தொங்கப்போட மனசில்லாமல் நாலெழுத்து படித்து இந்த வேலைக்கு வந்தார். டவுனுக்கு மாற்றல் கேட்டு எழுதியிருந்தார். அது வரும்வரை எந்த வம்பும் வேண்டாம் என்பது அவருடைய ஒரே வேண்டுதல்.

நாற்பதாவது பேர் முத்திருளன். இருபத்தைந்து வயசு, தாய் தகப்பன் இல்லாதவன், ஊர்க் கடைசியில் தனிக்குடிசை. அடுத்த வியாழக்கிழமை அவனுக்கும் மாமன் காசிமாயன் மகள் அன்னக்கொடிக்கும் கல்யாணம். தாலியும் கூறைச்சேலையும் வாங்க மதுரைக்குப் போகவேண்டும் என்று புதன்கிழமை காலையில் ராதாரிச் சீட்டு கேட்டு வந்து நின்றான். அந்தச் சீட்டு இல்லாமல் அவன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

"மூணு நாளைக்குப் போதுங்கய்யா. ஒரு ரேகைகூடத் தவறாம வந்துருவேன். அன்னக்கொடி தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கா. கல்யாணத்தன்னிக்கு நான் செயில்ல கெடந்தா அவ தாங்க மாட்டாளாம்."

துளசிராமுக்கே சிரிப்பு வந்தது. எழுதிக் கொடுத்தார். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. இவரும் வாசித்துக் காட்டவில்லை.

சனிக்கிழமை அவர் ஒவ்வொரு விரலாகக் கவனித்தார். முப்பத்தொன்பது பேரும் போன பிறகு முத்திருளன் கட்டம் வெள்ளையாக இருந்தது. மைப்பலகையை மூடித் திரும்பினார். கட்டத்தில் ரேகை இருந்தது.

கறுப்பு மையில் இல்லை. சேற்றுத் தண்ணீர் நிறத்தில், தொட்டால் கையில் ஒட்டும் ஈரத்தோடு. நெல் அறுக்கும்போது அரிவாள் பட்டு, முத்திருளன் கட்டைவிரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. அந்தத் தழும்பு அச்சாக விழுந்திருந்தது. மூன்று வருஷமாக நாள் தவறாமல் பார்த்த விரல். துளசிராமுக்கு இந்த ஊரில் முகங்களைவிட விரல்கள்தான் அதிகப் பழக்கம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டார். ஆனாலும் வாய் தன் போக்கில் வீட்டுப் பாஷையில் சாமி பேரை முணுமுணுத்தது.

ஞாயிற்றுக்கிழமையும் அதே. யாரிடம் போய்ச் சொல்வது? ரேகை இருந்தால் ஆள் இருக்கிறான், அதுதான் சட்டம். ஆளில்லாமல் ரேகை மட்டும் வருகிறது என்று மேலே எழுதினால் மாற்றல் டவுனுக்குக் கிடைக்காது, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கிடைக்கும். பேசாமல் இருந்துவிட்டார்.

திங்கள்கிழமை அன்னக்கொடி வந்தாள். காசிமாயன் கச்சேரியில் படுக்கிறவர். தினமும் அந்தியில் அவருக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவது அவள்தான். அன்றைக்கு வாளியைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு நேரே மேஜைக்கு வந்தாள்.

"ஐயா, மச்சான் டவுன்ல இருந்து வந்துட்டாகளா? குடிசை பூட்டியே கெடக்கு."

அந்தக் கணத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். புதன்கிழமை போனவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து ரேகை மட்டும் வருகிறது என்று. பயந்தாங்கொள்ளி மனுஷன், புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து தினம் வெச்சிருக்கானேம்மா. இதோ பாரு."

எழுத்து தெரியாத பெண்ணுக்கும் அந்தத் தழும்பு தெரிந்தது. குனிந்து அதைப் பார்த்தாள்.

"அப்ப ஊருக்குள்ளதான் இருக்காக," என்றாள். "என் கண்ணுலதான் படக்கூடாதுன்னு இருக்காக போல."

அவள் போனபோது அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று துளசிராமுக்குத் தோன்றியது.

பிறகு கேட்க வேண்டுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மதுரையில் எவளோ ஒருத்தி கழுத்தில் அந்தத் தாலி ஏறிவிட்டது, இருட்டோடு வந்து ரேகையை வைத்துவிட்டு இருட்டோடு அவளிடம் ஓடுகிறான் என்று பேசினார்கள். முந்தி ரேகை வைத்தவன், அவன் தனக்குப் பிந்தி வந்திருப்பான் என்றான். பிந்தி வந்தவன், அவன் தனக்கு முந்தியே வந்து போயிருப்பான் என்றான். மழையில் யார் யாரைப் பார்த்தார்கள்? சொன்ன சொல்லுக்காக ஒருத்தன் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தான். அந்த வருகையே அவனை ஊரின் கண்ணில் துரோகி ஆக்கிக்கொண்டிருந்தது. அது துளசிராம் ஒருவருக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காசிமாயன் ரேகை வைத்துவிட்டுத் துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குறிச்ச நாள்ல கல்யாணம் நடக்கும் ரைட்டரய்யா. மாப்ளதான் வேற. என் அக்கா மகன் பேயாண்டிக்குப் பேசியாச்சு."

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"சரின்னுட்டா. 'என்னைய வேணாம்னு ஒளிஞ்சு திரியிறவனுக்காக நான் எதுக்குக் காத்துக் கெடக்கணும்'னு அவளே சொல்லிட்டா."

அன்று வந்த ரேகை முன்னைவிட மங்கலாக இருந்தது. ஈரத்தில் செங்கல் பொடி போலச் சிவப்பாக ஒரு துணுக்கு. துளசிராம் குனிந்து முகர்ந்தார். நனைந்த சாம்பல் வாடை. மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகையில் மூக்கில் ஏறும் வாடை அது. மதுரைக்குள் நுழையும் முன்னால் காளவாசலில், செங்கல் சூளைகள் வரிசையாகப் புகைகிற இடத்தில் வரும் வாடை. அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. வியாழன் விடிந்தால் அந்தப் பெண் ஒரு பொய்யின் மேல் கழுத்தை நீட்டுவாள். அந்தப் பொய்யைச் சொன்னவர் அவர்.

புதன்கிழமை விடிந்ததும் மாட்டுவண்டியில் காளவாசல் போனார். தாலி வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஓர் ஆள் வந்தானா என்று கேட்ட உடனே சூளை மேஸ்திரி ஆண்டிச்சாமிக்கு நினைவு வந்தது.

"வெள்ளிக்கிழமைங்க. மழைக்கு ஒதுங்கினாப்ல. மடியில தாலி, கக்கத்துல சேலைப் பொட்டலம். ஆளு சிரிச்ச முகமா இருந்தாரு. 'அண்ணே, இந்தச் சீட்ட கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, நாளைக்குப் பொழுதடையத்தானே கெடு'ன்னாரு. படிச்சேன். 'இல்லப்பா, வெள்ளி அஸ்தமனம்னுல்ல எழுதியிருக்கு, இன்னிக்கு'ன்னேன். மனுசன் மூஞ்சியில ரத்தமே இல்ல. 'போற நாளு கணக்குல வராதேண்ணே'ன்னாரு. நான் என்னத்தைச் சொல்ல? இந்தா இப்படிக் குறுக்கால விழுந்து ஓடினாரு."

துளசிராம் அப்படியே செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். புதன், வியாழன், வெள்ளி என்று இவர் எண்ணியிருந்தார். புறப்பட்ட நாளைத் தள்ளி, வியாழன், வெள்ளி, சனி என்று அவன் எண்ணியிருந்தான். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள். மூன்று வருஷத்தில் இவருக்கு அது தெரியாதா? தெரியும். எழுதுகிற அவசரத்தில் தன் கணக்கையே கணக்கு என்று எழுதிவிட்டார்.

மேஸ்திரி கை காட்டிய பக்கம் முழுக்க மண் வெட்டி எடுத்த குழிகள். மழையில் நிரம்பி, எது தரை எது குழி என்று தெரியாமல் ஒரே செந்தண்ணீராகக் கிடந்தது. நாலு பேர் மூங்கில் கழி போட்டுத் துழாவினார்கள். மூன்றாவது குழியில் கிடைத்தான்.

ஐந்து நாள் தண்ணீரில் கிடந்த உடம்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இடது கை மடியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தது. மடியில் மஞ்சள் துணியில் முடிந்த தாலி. வலது கட்டைவிரல் மட்டும் ஊறவில்லை. அதில் கச்சேரி மை, அப்போதுதான் உருட்டியதைப் போலக் கறுப்பாக இருந்தது.

பக்கத்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டு, வண்டிக்காரனை விரட்டி, பொழுது அடைவதற்குள் துளசிராம் ஊருக்கு வந்து சேர்ந்தார். மஞ்சள் துணி முடிப்பை அவரே கேட்டு வாங்கி வந்திருந்தார். முப்பத்தொன்பது பேரும் ரேகை வைத்து முடிக்கும்வரை பொறுத்தார். மேஜைப் பக்கம் காசிமாயன் மட்டும் மிச்சம். அன்னக்கொடி கையில் மருதாணியோடு சோற்று வாளியைக் கொண்டுவந்தாள்.

அவர் எதையும் மறைக்கவில்லை. தான் எண்ணிய கணக்கு, எழுதிய சீட்டு, குழி, புத்தகத்தில் தானாக வந்து விழும் ரேகை, பயத்தில் சொன்ன பொய். எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். "அவனைக் கொன்னது நான்தாம்மா," என்று முடித்தார். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

காசிமாயன் அடிக்க எழுந்தார். அன்னக்கொடி குறுக்கே கையை நீட்டினாள்.

"அப்ப என்னைய ஏமாத்தல," என்றாள். "ஓடி வந்திருக்காக."

"ஓடித்தான் வந்தான்."

"புத்தகத்தைக் காட்டுங்க."

விரித்தார். அன்றைய கட்டம் காலியாக இருந்தது. வெளியே மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளில் ஈரம் கசிந்தது. முதலில் ஓரம், அப்புறம் சுழி, கடைசியாகக் குறுக்கே அந்தத் தழும்பு. சூளைச் சாம்பல் வாடை அறை முழுக்கப் பரவியது. காசிமாயன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவள் பயப்படவில்லை. ரேகைக்குப் பக்கத்தில், தொடாமல், கையை வைத்தாள்.

"சில்லுனு இருக்கு," என்றாள் மெதுவாக. "நாளைக்கும் வருவாகளா?"

"பேரை அடிக்கிற வரைக்கும் வருவான்னு நினைக்கிறேன்." துளசிராம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ வேணாம்னா நான் அடிக்கலை. எனக்கு என்ன ஆனாலும் சரி. தினம் வந்து பாத்துக்க."

ஆசை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. தினம் அந்தியில் ஒரு நிமிஷம், ஒரு விரல் அகலத்துக்கு அவன். அதுவாவது மிஞ்சும்.

"உசுரோட இருக்கையில வச்சது பத்தாதா?" என்றாள். "செத்தும் அவுக இங்க வந்து நிக்கணுமா? அடிங்கய்யா."

இறந்தவன் பேரை அடிக்கவும் ஒரு முறை இருந்தது. உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் ரேகை வைத்து, என்ன உறவு என்றும் எழுத வேண்டும். முத்திருளனுக்கு யாரும் இல்லை. காசிமாயன் தாய்மாமன்தானே என்று முன்னால் வந்தார். அதற்குள் அன்னக்கொடி மருதாணி விரலை மைப்பலகையில் உருட்டிவிட்டாள்.

"பொஞ்சாதின்னு எழுதுங்க."

"ஏண்டி, உனக்குக் கிறுக்கா? நாளைக்கு விடிஞ்சா கல்யாணம்!" காசிமாயன் கத்தினார்.

"தாலி அறுத்து மறுதாலி கட்டுறது நம்ம சனத்துல இல்லாததாப்பா? பேயாண்டி மச்சான் பொறுத்திருந்தா பெறகு பாப்போம். மொத கட்டினது இதுன்னு இருக்கட்டும்."

துளசிராம் மஞ்சள் முடிப்பை அவிழ்த்து மேஜையில் வைத்தார். அவளே எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். பிறகு அந்த ஈர ரேகைக்குப் பக்கத்தில் தன் கட்டைவிரலை அழுத்தி ஒற்றினாள். அவர் அதற்கு நேரே 'மனைவி' என்று எழுதினார். சிவப்பு மையில் முத்திருளன் பேரின் மேல் கோடு இழுத்தார். எழுதி முடித்த பிறகு அவள் தாலியைக் கழற்றி அதே துணியில் முடிந்தாள். அப்போதுதான் அழுதாள். காசிமாயன் மகள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

சேற்று ரேகை காய்ந்து பொடியாக உதிர்ந்தது. அவள் அந்தப் பொடியைத் தாளிலிருந்து முந்தானையில் தட்டிக்கொண்டாள். கட்டத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கறுப்பு ரேகை மட்டும் நின்றது.

மறுநாள் அந்தியில் முப்பத்தொன்பது பேர் வந்தார்கள். துளசிராம் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, மைப்பலகையை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தில் முப்பத்தொன்பது ரேகைதான் இருந்தது.