வெள்ளையாக்காத படம்

கதிரையில் ஏறி நின்று, மீன் வெட்டும் கத்தியால் அஞ்சலிப் பதாகையின் கயிற்றை அறுத்தாள் துசாந்தினி. பந்தலுக்குக் கீழே இருந்த சனம் அண்ணாந்து பார்த்தது.

பதாகையில் அவள் அம்மா அன்ரோனெற் பட்டுச்சேலையும் கழுத்து நிறைய நகையுமாய் இருந்தாள். முகம் மா அப்பினதுபோல் வெளுத்திருந்தது. நேற்று விடிய நெஞ்சுநோவோடு போய்ச் சேர்ந்த அம்மா முப்பது வருசம் தோட்டவெளிக் கருவாட்டு வாடியில் மீன் காயப்போட்டு வெயிலோடு கிடந்தவள். அடையாள அட்டைப் படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்து, பட்டும் நகையும் போட்டு வெள்ளையாக்கச் சொன்னது அம்மாவின் அண்ணன், யாகப்பு மாமா.

"என்ர தங்கச்சி கடைசியிலயாவது வடிவா இருக்கட்டுமெண்டுதான் செய்தனான்" என்றார் மாமா.

"அவ வடிவாத்தான் இருந்தவ. நீங்கள்தான் ஒருக்காலும் சொல்லேல்ல."

சின்ன வயதில் அம்மாவைக் 'கரிச்சட்டி' என்று கூப்பிட்டவர் அவர். பகிடிக்குத்தானாம். அந்தப் பகிடியோடு அம்மா கலியாண வீடுகளில் குசினியை விட்டு வெளியே வராமல் நின்றாள். துசாந்தினியின் பட்டமளிப்புக்குக்கூட வரவில்லை, உன்ர சிநேகிதியளுக்கு முன்னால நான் என்னத்துக்கு என்றுவிட்டாள்.

இப்போது அதே வியாதி தங்கை றொஷேலுக்கு. பதினேழு வயது, அம்மாவை உரித்து வைத்த முகம், வெள்ளையாக்கும் கிறீம் பூசிப் பூசிப் புண்ணாகிய கன்னம். துசாந்தினி படித்ததெல்லாம் சொல்லிப் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். ஒன்றும் ஏறவில்லை. இன்று காலை பதாகையைப் பார்த்துக்கொண்டு நின்ற றொஷேல் மெதுவாகச் சொன்னாள்: "செத்தாப் பிறகெண்டாலும் வெள்ளையாக்கி விடுகினம்தானே, அக்கா."

அந்தச் சொல்தான் துசாந்தினியை மன்னார் பஸ்ஸில் ஏற்றியது.

அங்கே அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்த படத்தை இப்போது பையிலிருந்து எடுத்தாள். போன வருசம் வாடியில் அவளே போனில் எடுத்தது. தலையில் துவாய்க் கட்டு, கையில் கட்டாக் கருவாடு, கறுத்த முகத்தில் உப்புப் பொருக்கு, வாய் நிறையச் சிரிப்பு. அழிச்சுப்போடு பிள்ளை என்று அம்மா கெஞ்சிய படம். சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்தாள்.

"ஊர் சிரிக்கும்" என்றார் மாமா.

"சிரிக்கட்டும். அம்மாவும் சிரிச்சுக்கொண்டுதானே இருக்கிறா."

அம்மாவோடு வாடியில் வேலை செய்த மேரி ரோஸ் எழும்பி வந்து படத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியை ஒருதரம் துடைத்துவிட்டுப் போனாள்.

பெட்டி மூடுமுன் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். வழமைபோல மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள் றொஷேல். துசாந்தினி அவளைக் கூப்பிடவில்லை. படக்காரர் கமராவை உயர்த்தும் நேரம், மாமாவை விலத்திக்கொண்டு அவளாகவே முன்னுக்கு வந்து அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"தங்கச்சின்ர முகம் இருட்டா விழுது. லைற்றைக் கூட்டட்டோ?" என்றார் படக்காரர்.

றொஷேலின் கை கன்னத்தை மறைக்க எழும்பியது.

"வேண்டாம்" என்றாள். "இப்பிடியே எடுங்கோ."

கை பாதியில் இறங்கி, சரிந்திருந்த சட்டத்தை நிமிர்த்தியது.