எல்லா நாட்டுக்கும் ஒரே விதி

வாவிக்கரைத் தொழிற்சாலையில் நண்டுச் சதை பிரிக்கும் மங்கையற்கரசிக்கு, லண்டன் தலைமைக் கம்பனியின் இயக்குநர் சபையில் ஓர் ஆசனம் இருந்தது. ஐரோப்பியக் கிளைகளின் சட்டத்தை ஒட்டி, தொழிலாளரில் ஒருவர் சபையில் இருக்கவேண்டும் என்று கம்பனி முன்பு விதி வைத்திருந்தது. கூட்டம் கணினித் திரையில் நடக்கும். முகாமையாளர் றுஸ்தி பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பார். கழிப்பறைக்குக் கதவு வந்ததும், பிள்ளைத்தாச்சிகளுக்குக் கதிரை வந்ததும் அவள் வாயால்தான்.

பிரிட்டன் ஐரோப்பாவை விட்டுப் பிரிந்தது. அங்கொரு சட்டம், இங்கொரு சட்டம் என்று சில வருடம் இழுபட்ட கம்பனி, கடைசியில் எல்லா நாட்டுக்கும் ஒரே விதி எழுதியது. சட்டம் வற்புறுத்தாத எதையும் அதில் வைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவர் அவளுக்கு நன்றி சொன்னார். றுஸ்தி மொழிபெயர்க்கத் தயங்கினார்.

"அக்கா, இனி உங்கட ஆசனம் இல்லையாம்."

"போனாப் போகட்டும் சேர். குளிர் அறை அமோனியாக் குழாய் கறள் புடிச்சுக் கிடக்கு, மணக்குது. அதச் சொல்லுங்க."

றுஸ்தி சொன்னார். இனி அதை உள்ளூர் நிர்வாகத்திடமே சொல்லலாம் என்றார் தலைவர், சிரித்த முகத்தோடு. திரை அணைந்தது.

"உள்ளூர் நிர்வாகம் நான்தான்," என்றார் றுஸ்தி. "ஆனா ஒரு ஆணி மாத்தவும் அங்கதான் கேக்கணும்."

குழாயை மாற்ற அனுமதி தரச் சொல்லி அவர் லண்டனைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேயிருந்தார். மாரி மழை தொடங்கிய கிழமை குழாய் வெடித்தது. ஈரத் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு எல்லாரும் ஓட, உள்ளே பெட்டி அடுக்கிய றபீக்காவை மங்கையற்கரசிதான் இழுத்து வந்தாள். அதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வழக்கு வந்தது. புதிய விதிப்படி பாதுகாப்பு உள்ளூர் முகாமையாளரின் பொறுப்பு என்றார் கம்பனிச் சட்டத்தரணி. சாட்சிக் கூண்டில் நின்ற மங்கையற்கரசியிடம் திரும்பினார்.

"குழாய் பழுதென்று றுஸ்திக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னன். லண்டன் தலைவருக்கும் அதே நேரம்தான் சொன்னன்."

"ஆசனம் இல்லையென்று அறிவித்ததற்கு முதலா, பிறகா?"



"பிறகு."

உறுப்பினரல்லாத ஒருவர் சொன்னது சபைக்குச் சொன்னதாகாது என்று சொல்லிச் சட்டத்தரணி அமர்ந்தார். தொலைபேசியில் யாரும் எதுவும் கேட்டதாக லண்டனில் எவருக்கும் ஞாபகமில்லை. றுஸ்திக்குச் சிறை.

நீதிமன்ற வாசலில் றுஸ்தியின் மனைவி ரிப்கா அவளை மறித்தாள்.

"அவருக்குத் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே அக்கா?"

"றபீக்காட உம்மா என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாவே. எப்பிடிச் சொல்ற?"

ரிப்கா முச்சக்கரவண்டியில் ஏறினாள்.

தொழிற்சாலை புதுக் குழாயோடு மறுபடி திறந்தது. மங்கையற்கரசியை வேலைக்குக் கூப்பிடவில்லை.