பள்ளத்தில் விழாத பஸ்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், ஒரு பஸ் பள்ளத்தில் விழாததுதான். விழுந்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் எழுதியிருப்பார்கள். விழாததால் என் தலையில் விடிந்தது.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போன பிறகு அவர்களுடைய கைக்குழந்தைகளுக்கு நான்தான் எல்லாம். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். ஆகவே என் கதைகள் கொஞ்சம் அவசரமாகத்தான் நடக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு குறை சொல்லக்கூடாது.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மூடுபனி மலையை விழுங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், நாற்பது உயிர்களைச் சுமந்த பஸ் மரணத்தை நோக்கி—"

போதும். அந்த நாற்பதில் என் மகள் சுலக்ஷனாவும் ஒருத்தி, நானும் ஒருத்தி. நாங்கள் மரணத்தை நோக்கிப் போகவில்லை, கொட்டகலையை நோக்கிப் போனோம். அன்றைக்கு அவளுக்கு உயர்தரப் பரீட்சை.

2

தோட்டத்தின் மேல் பிரிவான எங்கள் மேற்கணக்கிலிருந்து கொட்டகலைக்குக் காலையில் ஒரே ஒரு தனியார் பஸ். வழி முழுக்க இறக்கம். பாதி வழியில் முனி வளைவு. ஒரு பக்கம் பாறை, பாறையடியில் முனியாண்டி.* மறுபக்கம் ஒன்றுமில்லை.

பல வருடமாக அந்த பஸ்ஸை ஓட்டியவர் பழனியாண்டி அண்ணன். முனி வளைவில் நிறுத்துவார். கொண்டக்டர் இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார். ஸ்டியரிங்குக்கும் திருநீறு, முன் சீட்டுக்காரர்களுக்கும் திருநீறு. அதற்குப் பிறகு எல்லோரும் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவோம்.

அண்ணனுக்குக் கண்ணில் புரை வந்து, அம்ஜத் என்ற தம்பி ஓட்ட வந்தார். ஹட்டன் பக்கத்துக்காரர். அவர் முனியிடம் நிறுத்துவதில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, பாதை சமமாக இருக்கும் இடத்தில் நிறுத்துவார். இறங்கி பஸ்ஸுக்குப் பின்னால் போவார். திரும்பி வந்து ஓட்டுவார்.

முன் சீட்டு ராசம்மா அக்காதான் தீர்ப்புச் சொன்னார்.

"சாமிக்கு நிக்க நேரமில்லையாம். ஒண்ணுக்குப் போக மட்டும் நேரமிருக்காம்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவர் இறங்கினால் பெண்கள் எல்லோரும் மறுபக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்வோம். ஆண்களும் மரியாதைக்குக் கைப்பேசியைப் பார்ப்பார்கள். இப்படி நாங்கள் அத்தனை பேரும் நாகரிகமாக நடந்துகொண்டதால், அந்த மனுஷன் பின்னால் போய் என்னதான் செய்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாமல் போனது.

(* முனியைப் பற்றி நான் எதுவும் தவறாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வளைவில் கும்பிடுகிறேன்.)

3

அம்ஜத்தை எப்படி எழுதுவது?

ஒரு பிரதியில் அவரை ஒரு கையில் கைப்பேசி, காதைக் கிழிக்கும் பாட்டு என்று எழுதினேன். அப்படிப்பட்ட டிரைவர்கள் இருக்கிறார்கள், நீங்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருப்பீர்கள். ஆனால் அவர் அப்படி இல்லை. அடுத்த பிரதியில் அவர் ஒரு மகானாகிவிட்டார். அதையும் கிழித்தேன். மகான்கள் வெற்றிலை வாங்க பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவரைப் பார்த்து "இது என்ன ஒங்க கலியாண வண்டியா?" என்று கேட்கமாட்டார்கள்.

உண்மை என்னவென்றால், எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோழி வாங்கினால்கூட இறக்கையைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பெற்ற பிள்ளையை ஒருவரிடம் தினமும் ஒப்படைக்கிறோம், அவருடைய பின்மண்டையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. நினைத்தால் பஸ்ஸில் ஏறவே முடியாது. அதனால்தான் யாரும் நினைப்பதில்லை போலும்.

4

அன்றைக்குப் பனியோடு தூறலும் இருந்தது. அம்ஜத் வழக்கமான இடத்தில் நிறுத்தினார். நாங்கள் வழக்கம்போல் திரும்பிக்கொண்டோம். வரவில்லை. இன்னும் வரவில்லை. பரீட்சைக்கு நேரமாகிறதே என்ற கோபத்தில், நாகரிகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் எட்டிப் பார்த்தேன்.

அவர் பின்சக்கரத்துக்கு அருகில் குந்தியிருந்தார். கறி அடிப்பிடித்துவிட்டதா என்று பார்க்கிறவர்போல முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்துகொண்டிருந்தார்.

உள்ளே வந்தவர் சீட்டில் உட்காரவில்லை.

"எல்லாரும் எறங்குங்க. இந்த வளவுல நான் வண்டிய எறக்க மாட்டேன்."

அமளி. எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் கணேசமூர்த்தி எழுந்தார். "பரீட்ச எழுதுற புள்ள வண்டியில இருக்குது தம்பி. பழனியாண்டியா இருந்தா இந்நேரம் கொட்டகல போயி டீ குடிச்சிருப்பாரு. பிரேக்குல என்னா?"

"கருகின மணம் வருது. மிதிச்சா உள்ளுக்கு போற மாதிரி இரிக்கி."

"மாதிரின்னா? பழுதா, இல்லியா?"

"எனக்கு சரியா விளங்கல்ல, தலைவர்." ஸ்டியரிங்கைத் திரும்பிப் பார்த்தார். "பயமா இரிக்கி."

தன் பஸ்ஸைப் பற்றி ஒரு டிரைவர் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பரீட்சைப் பிள்ளையின் அம்மா நான்தானே. நான் "ஓட்டுங்க" என்றால் மொத்த பஸ்ஸும் சேர்ந்து அவரை ஓட்ட வைத்திருக்கும்.

5

இங்கே நான் என்ன சொன்னேன் என்பதற்கு என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன.

ஒன்றில், "உயிரை விடவா பரீட்சை பெரிது?" என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம் பேசுகிறேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்றில் அம்ஜத்தின் சட்டையைப் பிடித்து—

மூன்றாவது உண்மை. நான் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை மண்டபத்தின் கதவை மூடிவிட்டால் என் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும். அதை நினைத்ததால் "இறங்குவோம்" என்று சொல்லவில்லை. அதே நேரம் அந்தக் கருகல் நாற்றம் என் மூக்குக்கும் வந்துவிட்டது. [வந்ததா, வந்தது என்று நினைத்தேனா? தெரியவில்லை.]

சுலக்ஷனாதான் பையை மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, ஓட்டுறவரே பயப்படுறாரு. எறங்குங்க. தேயில மலைக்குள்ளால குறுக்கால போயிருவோம்."

இறங்கினோம். தலைவரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். கொண்டக்டர் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ராசம்மா அக்கா கடைசியாக, அம்ஜத்தின் ஏழு தலைமுறையையும் விசாரித்துக்கொண்டே இறங்கினார். ஈரத் தேயிலைக்குள் சறுக்கி, விழுந்து, எழுந்து கீழ் ரோட்டுக்கு வந்தபோது, ஒரு மரக்கறி லொறிக்காரர் எங்களை லீக்ஸ் கட்டுகளின் மேல் ஏற்றிக்கொண்டார்.

கதவு மூடுவதற்குள் சுலக்ஷனா உள்ளே போய்விட்டாள். வெள்ளைச் சீருடையெல்லாம் சேறு, காலுறையில் ரத்தம். மேற்பார்வை செய்த டீச்சர் பதறியிருக்கிறார்.

"அட்டை கடிச்சதுதான் டீச்சர். கேள்வித்தாளக் குடுங்க" என்றாளாம்.

நான் பாடசாலை மதிலில் உட்கார்ந்து அழுதேன். துக்கம் ஒன்றுமில்லை. பிள்ளை முழுசாக உள்ளே இருக்கிறாள் என்ற நிம்மதிதான். என்மேல் லீக்ஸ் நாற்றம் அடித்தது, அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

6

இப்போது முடிவு.

முதலாம் முடிவில், பாஸ் வந்து பார்த்துவிட்டு, "இதில் இறக்கியிருந்தால் ஒருவர் மிஞ்சியிருக்கமாட்டீர்கள்" என்கிறார். அம்ஜத்துக்கு மாலை போடுகிறோம்.

[திருத்தம்: பாஸ் என்றால் இங்கே மெக்கானிக். வெளியூர் வாசகர்கள் முதலாளி என்று நினைத்துவிடக்கூடாது.]

இரண்டாம் முடிவில், பிரேக்கில் ஒரு பழுதும் இல்லை. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கி அம்ஜத் வேலையை விடுகிறார்.

மூன்றாம் முடிவில், அவர் நிறுத்துகிற இடத்தில் ராசம்மா அக்கா கற்பூரம் கொளுத்துகிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்துக் காட்டினால் அக்கா என்னையே கொளுத்திவிடுவார்.

எது நடந்தது? எனக்குத் தெரியாது. அடுத்த பரீட்சை நாளில் அதே பஸ், அதே அம்ஜத். பிரேக்கில் என்ன இருந்தது என்று கேட்க வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பெரிய பழுது என்று சொன்னால் எனக்குத் தூக்கம் போய்விடும். ஒன்றுமில்லை என்று சொன்னால், அடுத்த முறை அவர் இறங்கச் சொல்லும்போது, "அன்னைக்கும் இப்பிடித்தான் சொன்னீங்க" என்று யாராவது சொல்வார்கள். அவர் ஓட்டிவிடுவார். தெரியாமலே இருக்கட்டும். பள்ளத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாதுதான்.

7

அதற்குப் பிறகு அவர் இறங்கினால் யாரும் மறுபக்கம் திரும்புவதில்லை. பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டி அவரையே பார்க்கும். வந்ததும் ராசம்மா அக்கா, "என்னா தம்பி, மணக்குதா?" என்று விசாரிப்பார். சில நாள் பொறுத்துப் பார்த்தார் மனுஷன். ஒரு நாள் கீழே நின்றபடியே கத்தினார்.

"எல்லாரும் இப்பிடி பாத்துக்கிட்டு இருந்தா, நான் ஒண்ணுக்கு எங்க போற?"

பஸ் குலுங்கியது. அவரும் சிரித்துவிட்டார். ராசம்மா அக்காவுக்கு வெற்றி, நான் சொன்னேனா இல்லையா என்று எல்லோரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

முடிவை உங்களிடமே விடுகிறேன். குழந்தைகள் எழும்பிவிட்டன. நீங்கள் இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறீர்கள். வெளியே பனி, கீழே முனி வளைவு, அம்ஜத் இறங்கிப் போயிருக்கிறார். திரும்பி வந்து ஓட்டுவார், அல்லது இறங்கச் சொல்வார். எதைச் சொன்னாலும் சரி. இப்போதைக்கு நீங்கள் மறுபக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்ளுங்கள்.