நடந்தால் ஐந்து நிமிடம்

வீட்டுத் தரகர் கூட வந்தால் ரயில் நிலையத்திலிருந்து தெருவின் கடைசி வீட்டுக்கு நடக்க ஐந்து நிமிடம் ஆனது. அவர் வராவிட்டால் முப்பத்தொரு நிமிடம் ஆனது. நகராட்சி ஆட்கள் சங்கிலி பிடித்து இரண்டு முறை அளந்தார்கள், ஒரு முறை அவரோடு, ஒரு முறை அவர் இல்லாமல். இரண்டு அளவும் பதிவேட்டில் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. கீழே ‘இரண்டும் சரி’ என்று மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காரணம் எளிது. நிலையத்துக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவே ஏழு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசையாக நிற்கின்றன. ரயில் முதன்முதலில் வந்த காலத்தில் இன்ஜின் ஓட்டுகிறவர்களுக்காகக் கட்டியவை, வயது நூற்று முப்பது. தெரு அவற்றைச் சுற்றிக்கொண்டு, மூடிக் கிடக்கும் நூலாலையின் மதிலோரமாகப் போய், வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கித் திரும்பி வரும். தரகர் வந்தால் மட்டும் மூன்றாவது வீடும் நான்காவது வீடும் ஆளுக்கு ஒரு சாண் ஒதுங்கி நடுவே வழி விடும். வீடு பார்க்க வருகிறவர்களை அவர் அந்த இடுக்கு வழியாகத்தான் அழைத்துப்போவார். வந்தவர்கள் கூரை ஓடுகளையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நடந்ததால் யாருக்கும் எதுவும் தெரிந்ததில்லை. வாங்கிக் குடிவந்த முதல் திங்கட்கிழமை காலையில்தான் தெரியும். ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கம். அலுவலகத்தில் யாராவது கேட்டால், “பக்கந்தான், நடந்தா அஞ்சு நிமிஷம்” என்று நாங்கள் எல்லோருமே சொன்னோம். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் வீடு பார்க்க வந்தார்கள். எங்கள் புறநகர் வளர்ந்த கதை இவ்வளவுதான்.

இது பழமை வாய்ந்த இடம் என்று அரசாங்கமே பலகை நட்டுவைத்திருக்கிறது. அந்தப் பலகையைக் காப்பாற்ற ஒரு குழு உண்டு. ஜன்னலுக்கு எந்தப் பச்சை பூச வேண்டும் என்று குழு சொல்லும். முன்சுவரில் ஓர் ஆணி அடிக்க மூன்று கடிதம் எழுத வேண்டும். உள்ளே மழைக்கு ஒழுகினால் ஒழுகலாம், வெளியே அழகு கெடக்கூடாது. அப்படியும் ஆட்கள் வந்தார்கள் என்றால் நகரத்து வாடகை வீடுகள் அவர்களை என்ன பாடு படுத்தியிருக்க வேண்டும்!

கண் மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அவை நன்றாகவே படுத்தியிருந்தன. நோயாளிகளின் எண்ணைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது அவள் வேலை. இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். வரிசை தாண்டி நுழைகிறவனை ஒரே பார்வையில் பழைய இடத்துக்கு அனுப்பும் கண். எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. கணவர் நில அளவைத் துறையில் வரைபடம் வரைகிறவர். ஒரு பேருந்து விபத்துக்குப் பிறகு அவருடைய வலது முழங்கால் மடங்குவதில்லை. கைத்தடியோடு பத்து நிமிடம் நடப்பார். அதற்கு மேல் நடந்தால் கால் வீங்கி, மறுநாள் செருப்பு நுழையாது. கல்யாணமான ஒன்பது வருடத்தில் ஏழு வீடு மாறினார்கள். ஒரு வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலிசெய்யச் சொன்னார், இன்னொருவர் அந்தக் கல்யாணம் நின்றுபோனதால் காலிசெய்யச் சொன்னார். ஏழாவது வீட்டுக்கு மாறிய அன்று, சாமான் ஏற்றிய வண்டியின் முன்சீட்டில் மிக்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எட்டாவது வீடு நம்முடையதாகத்தான் இருக்கும் என்று டோக்கன் அக்கா சொன்னாள். மிக்சியும் ஓட்டுநரும் சாட்சி.

தரகர் அவர்களையும் அதே இடுக்கு வழியாகத்தான் அழைத்துவந்தார். கடைசி வீடு சின்னது. மரப்படி, இரண்டு அறை மேலே, இரண்டு கீழே, சமையலறையில் காலையிலேயே வெயில். ஆனால் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தே பழகிய அவள் கண், சுவர்கள் ஒதுங்கியதைப் பார்த்துவிட்டது. மறுநாள் விடுப்புப் போட்டுத் தனியாக வந்து நடந்தாள். முப்பத்தொரு நிமிடம். வேறு யாராக இருந்தாலும் தரகரைத் தேடிப்போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வேறு ஊர் பார்த்திருப்பார்கள். அவள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, “வாங்கிடலாங்க” என்றாள்.

“எதை நம்பி?” என்றார் வரைபடக்காரர்.

“அந்த ஆளுக்கு ஒதுங்கின சுவரு நமக்கு ஒதுங்காதா? அவரு என்ன மாமனா மச்சானா அதுக்கு?”

“ஒதுங்கலைன்னா?”

“ஒதுங்க வைப்போம்.”

பத்தொன்பது வருட வேலையில் இல்லாத கோடு ஒன்றைக்கூட வரையாதவர் அவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்புகிற பழக்கம் கிடையாது. மனைவியின் பேச்சு மட்டும் விதிவிலக்கு. வாங்கினார்கள். பத்திரம் எழுதுகிறவரிடம் நான்கு எல்லைகளோடு ‘ரயில் நிலையம், நடை ஐந்து நிமிடம்’ என்றும் சேர்க்கச் சொல்லி அவள் ஒற்றைக் காலில் நின்றாள். எழுதுகிறவர் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார், பதிவாளர் படிக்காமல் முத்திரை குத்தினார். சட்டப்படி எல்லாம் கச்சிதம். சுவருக்குப் படிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

முதல் வாரமே வரைபடக்காரரின் கால் வீங்கியது. ஆறு நாற்பத்தொன்று வண்டியைப் பிடித்தால்தான் அலுவலகத்தில் நேரத்துக்குக் கையெழுத்துப் போட முடியும். ஐந்தரை மணிக்கே கிளம்பிப் பார்த்தார்; பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றபோது வண்டி போகும் சத்தம் கேட்டது. ஒரே மாதத்தில் மூன்று நாள் தாமதம். மேலதிகாரி கெட்டவர் இல்லை, கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்: இன்னொரு முறை தாமதமானால் மேசையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும், அவர் கீழே வரைபடக் கிடங்குக்குப் போக வேண்டியிருக்கும். கிடங்குக்கு மூன்று மாடி இறங்க வேண்டும், நாள் முழுக்க ஏணியில் ஏற வேண்டும். மடங்காத காலுக்கு அது வேலையைவிட்டுப் போ என்று சொல்வதற்குச் சமம். வேலை போனால் வீடும் போகும். மறுபடி மிக்சி மடிக்கு வந்துவிடும்.

டோக்கன் அக்கா தரகரை நிலையத்து டீக்கடையில் பிடித்தாள். அவர் டம்ளரால் முகத்தை மறைத்துப் பார்த்தார். முகம் பெரியது.

“அண்ணே, சண்டை போட வரல. அது எப்படி நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.”

“எது மேடம்?”

“அஞ்சு நிமிஷம்.”

“அதுவா… அது ஒரு விளம்பரத்துக்குச் சொல்றது மேடம்.”

“விளம்பரத்துக்குள்ள பூந்து நடந்து வந்துதான் நான் வீட்டைப் பார்த்தேன்.”

தரகர் டீயைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லையாம். “ரயில்ல மூணு பேர் உக்காந்திருக்கிற பெஞ்சுல நாலாவது ஆளா நீங்க எப்படி மேடம் உக்காருவீங்க?” என்று கேட்டார்.

“கொஞ்சம் தள்ளிக்குங்கன்னு கேப்பேன்.”

“கேட்டா தள்ளுவாங்களா?”

“எங்க தள்ளுவாங்க? ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. பாதி உக்காந்துட்டுத்தான் கேக்கணும்.”

“அவ்ளோதான் மேடம் நான் பண்றது” என்றார் தரகர். “வழி இருக்கான்னு பார்க்கவே மாட்டேன். இருக்குன்னு சொல்லியாச்சு, கூடவே கஸ்டமர் வராங்க, நின்னா மானம் போயிடும். நடந்துடுவேன்.” தினமும் காலையில் கூட வர முடியுமா என்று கேட்டதற்கு, ஆறு மணிக்குத் தன் பெண்டாட்டி எழுப்பியே தான் எழுந்ததில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் டீக்கு அவரே காசு கொடுத்தார். அது அவர் வரலாற்றில் முதல் முறை.

மறுநாள் காலை டோக்கன் அக்கா மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் நடுவே உள்ள சுவரை நோக்கி நேராக நடந்தாள். நெற்றி வீங்கியது. அடுத்த நாள் தோள். மூன்றாம் நாள் மூக்கு. தெருவில் பால் வாங்க வந்தவர்கள் முதலில் ஓடிவந்து தூக்கினார்கள், பிறகு தள்ளி நின்று பார்த்தார்கள், பிறகு ஐந்தாறு நாளில் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். “ஜனங்க கதவைத் தட்டுவாங்க. நீ ஏன்டி சுவரைத் தட்டறே?” என்று கேட்டுக்கொண்டே கணவர் ஐஸ் ஒற்றிவிட்டார். மருத்துவமனையில் பெரிய டாக்டர் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, பார்வை சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்பினார். அவளுக்குக் காரணம் தெரிந்தேயிருந்தது. கடைசி நொடியில், சுவருக்கு ஒரு விரற்கடை முன்னால், உடம்பு தானாகத் தயங்கிவிடுகிறது. முகத்தைக் காப்பாற்றப் பார்க்கும் அந்த ஒரு விரற்கடையைச் சுவர் கண்டுகொள்கிறது. அது தெரிந்தும், ஒன்பது நாள் அவள் அதே சுவரில் அதே இடத்தில் மோதினாள்.

அதுவரை வரைபடக்காரர் நாலரைக்கே கிளம்பி, வீங்கிய காலோடு சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தார். பத்தாம் நாள் மழை. பாலத்து மேல் தண்ணீர் ஓடுகிறது, சுற்றிப்போக வழியே கிடையாது. மணி ஆறு இருபத்தாறு. குடைக்குள் இருவரும் சுவரின் முன்னால் நின்றார்கள். டோக்கன் அக்காவின் நெற்றியில் வீங்க இனிப் புது இடம் இல்லை. அவள் குடையை மூடிவிட்டு அடுத்த மோதலுக்குத் தயாரானபோது வரைபடக்காரர் கைத்தடியை அவளிடம் நீட்டினார்.

“புடி. நான் உக்கார்றேன்.”

“எங்க உக்காரப் போறீங்க? சுவரு அது.”

“ரயில்ல எப்படி உக்காருவேன்? அப்படித்தான்.”

அவர் ரயிலில் உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். முழங்கால் மடங்காதவருக்குப் பாதி உட்காருவது என்ற ஒன்று கிடையாது. பெஞ்சுக்கு முதுகைக் காட்டி நின்று, காலை நீட்டி, உடம்பை மொத்தமாக விட்டுவிடுவார். விட்ட பிறகு திரும்பப் பிடிக்க அவரிடம் எதுவும் இல்லை. மூன்று பேரும் பதறிப்போய் ஒதுங்குவார்கள். விபத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருடத்தில் ஒரு முறைகூட அவர் தரையில் விழுந்ததில்லை. இப்போதும் அவர் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார், வலது காலை நீட்டினார், விட்டார். மூன்றாவது வீடு ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்தது, நான்காவது வீடு ஒரு சாண் வலப்பக்கம் நகர்ந்தது. பழைய மரச்சட்டங்கள் முனகின, ஓடுகள் லேசாகக் கிலுகிலுத்தன, மழை அந்தப் புது இடுக்கிலும் விழ ஆரம்பித்தது. அவர் மல்லாந்து அந்தப் பக்கத்துச் சேற்றில் விழுந்தார். டோக்கன் அக்கா அவர் மேல் கால் படாமல் தாண்டிப் போய்த் தூக்கிவிட்டாள். ஆறு முப்பத்தொன்றுக்கு நிலையத்தில் இருந்தார்கள். வண்டிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, முதுகுச் சேற்றை அவள் கைக்குட்டையால் துடைக்க, அவர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அலுவலகப் பதிவேட்டில் அன்றைய முதல் கையெழுத்து அவருடையது.

மறுநாள் மூன்றாவது வீட்டுக் கணக்கு டீச்சர் வாசலில் நின்றிருந்தார். பணி ஓய்வு பெற்றவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். நேற்று தன் அடுப்படி சுருங்கி, பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியதாகச் சொன்னார். டோக்கன் அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் டீச்சர் கையமர்த்தினார்.

“அதெல்லாம் இருக்கட்டும். தினமும் வருவீங்களா?”

“வருவோம் டீச்சர்.”

“எத்தனை மணிக்கு?”

“ஆறு இருபத்தாறு.”

“அப்ப நான் பாலை ஆறரைக்கு மேல வெச்சுக்கறேன். சொல்லிட்டுச் செய்யக் கூடாதா? சுவத்துல ஒன்பது நாளா முட்டுனீங்களே, ஒரு நாள் கதவுல முட்டியிருக்கலாம்ல?”

ஒரு மாதத்தில் தெருவில் பாதிப்பேர் முதுகைக் காட்டி உட்காரக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம் யாரும் உட்கார வேண்டியிருக்கவில்லை. நின்று யோசிக்காமல் நடந்தாலே ஏழு வீடுகளும் நெருக்கிக்கொண்டன. பழமைக் குழு கூடி விவாதித்து, வீடுகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதால் இதைக் கட்டட மாற்றமாகக் கருத முடியாது என்றும், ஆனால் இடுக்கின் உள்பக்கச் சுவர்களுக்கும் அதே பச்சை ஜன்னல் விதிதான் என்றும் முடிவெழுதியது. தரகருக்குத்தான் கொஞ்ச நாள் சிரமம். சொல்வதெல்லாம் உண்மையாகிவிட்டதால் பேச்சில் பழைய வேகம் இல்லை. பிறகு, அக்கம்பக்கத்தில் சத்தமே இருக்காது என்று சொல்ல ஆரம்பித்துத் தேறிக்கொண்டார்.

வரைபடக்காரர் தன் மேசையிலேயே பதினான்கு வருடம் வரைந்து ஓய்வு பெற்றார். அந்த வருடம் கடைசி வீட்டுக்குப் பின்னால் நான்கு புது வீடுகள் கட்ட அனுமதி கிடைத்திருந்தது, நூறு வருடப் பழசாகத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவற்றில் ஆட்கள் குடிவந்த பிறகு ஒரு காலை, டோக்கன் அக்காவுக்கு மதிய ஷிப்ட், சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்; அவர் பேப்பர் விரித்திருந்தார். பின்சுவர் ஒரு சாண் உள்ளே வந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிணுங்கின. அவள் முழங்கைகளை இடுப்போடு சேர்த்துக்கொண்டாள், அவர் பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு நீட்டியிருந்த காலைக் கையால் தூக்கி மேசைக்கு அடியில் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம், கனமான பையோடு அவசரமாகப் போகும் ஒரு பெண்ணின் செருப்புச் சத்தம் கேட்டது.

“எந்த வண்டிக்கு?” என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஏழு ரெண்டு.”

“ஓடினா புடிச்சிடலாம்” என்றாள் டோக்கன் அக்கா. சுவர் திரும்பிப் போகும்வரை இருந்துவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.