டொமினிக் காட்டிய இடம்

இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்து, தடுப்பு முகாமில் பதினெட்டு மாதம் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே வந்த பிரியந்தினிக்கு 2012இல் முதல் வேலை கிடைத்தது. சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாடு கொடுக்கும் வேலை.

பன்னிரண்டாம் அறையில் டொமினிக் வெரானி என்ற அமெரிக்கர் இருந்தார். எண்பத்தாறு வயது. சிட்னியில் கல்யாணம் முடித்த மகள் லொரெய்ன்தான் அவரை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். வாழைக்குலை இறக்கும் கூலியாகத் தொடங்கி, இருபது வருடம் ஒரு துறைமுக நகரத்தை ஆட்டிப்படைத்த மாஃபியாத் தலைவர் அவர் என்று தாதிமார் பேசிக்கொள்வார்கள். அவர் தலையசைக்காமல் அங்கே ஒரு கப்பலும் சரக்கு இறக்கியதில்லையாம். நீதிபதிகள் அவர் வீட்டு விருந்துக்கு வந்து காத்திருப்பார்களாம். ஒரு கொலையைக்கூட அவர்மேல் யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

மத்தியானத்தில் அவர் பாதிச் சாப்பாட்டைத்தான் சாப்பிடுவார். மீதியை ஜன்னல் பக்கம் தள்ளிவைப்பார்.

"இது பீட்டருக்கு. நனைந்துபோய் நிற்கிறான், பார்."

அங்கே திரைச்சீலை மட்டும்தான் இருந்தது. ஆனாலும் பிரியந்தினி அந்தத் தட்டை உடனே எடுக்கமாட்டாள். ஒருநாள் துணிந்து, யார் அந்தப் பீட்டர் என்று கேட்டாள். அன்று அவர் பேச்சு தெளிவாக இருந்தது.

"என் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எங்கள் கூட்டத்தின் பெரியவர் செத்ததும் அவர் இடத்துக்குப் போட்டியில் நாங்கள் இரண்டு பேர். அவனை எல்லோருக்கும் பிடிக்கும். அதனால் அவன் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்."

"அவரை ஆரும் தேடவில்லையா?"

"அவன் தங்கச்சி ரோசா தேடினாள். ஒவ்வொரு ஞாயிறும் தேவாலய வாசலில் என்னைக் கேட்பாள். நானும் தேடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்வேன்."

பிரியந்தினி கோப்பையைக் கீழே வைத்தாள். 2008இல் அவளுடைய அண்ணன் யோகேஸ்வரனை வவுனியாவில் இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான் ஒன்றில் கடத்திக்கொண்டு போனார்கள்; பிறகு அவன் திரும்பவே இல்லை. ஊரில் எல்லோரும் பயந்த ஒருவன், அம்மாவின் கையைப் பிடித்து இதையேதான் சொன்னான்.

"எங்கே போட்டீர்கள்?" என்று கேட்டாள்.

கேட்க உரிமையுள்ளவளுக்குச் சொல்வதுபோல அவர் சொன்னார். ஊரின் பெயர், கைவிடப்பட்ட உப்பளம், மூன்றாவது தொட்டியின் பின்பக்கம்.

வீட்டுக்கு வந்து கணவன் கபிலனிடம் சொன்னாள். அவன் பதறிப்போனான்.

"உமக்கென்ன விசரே? எங்கட விசாவே இன்னும் முடிவாகேல்ல. அதுக்குள்ள பொலிசுக்குப் போகப் போறீரோ?"

"ஓம், போகப் போறன். அண்ணாவை எங்க போட்டவங்களெண்டு ஒருத்தர் வந்து சொல்லியிருந்தா, அம்மா நிம்மதியாச் செத்திருப்பா."

அடுத்த நாள் காலை பொலிஸ் நிலையத்தில் போய்ச் சொன்னாள். எழுதிக்கொண்ட அதிகாரி அவள் சொன்னதை நம்பியதாகத் தெரியவில்லை. பொலிஸ் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசியதில் விசயம் லொரெய்னுக்கு எட்டியது; இல்லத்தில் பிரியந்தினியை இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். வாசலில் லொரெய்ன் மறித்தாள். அவள் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"அவர் நினைவு தடுமாறிய மனிதர். உனக்கு என்ன தீங்கு செய்தார்?"

பிரியந்தினி அவளைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். மூன்று வாரத்தில் டொமினிக் இறந்துபோனார். அவரிடம் விசாரிக்க யாரும் வரவில்லை.

அடுத்த வருடம் பொலிஸ் மூலமாக அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பீட்டரின் தங்கச்சி ரோசா எழுதியது. கபிலன் உரத்து வாசித்தான். பிரியந்தினி சொன்னதைச் சிட்னிப் பொலிஸ் அங்கே அனுப்ப, டொமினிக் சொன்ன இடத்திலேயே எலும்புகள் கிடைத்தனவாம். நாற்பத்தேழு வருடத்துக்குப் பிறகு அண்ணனைத் தாயின் பக்கத்தில் அடக்கம் செய்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பூ வைக்க ஓர் இடம் இருக்கிறதாம்.

"பெரிய புண்ணியம் செய்திருக்கிறீர்," என்றான் கபிலன்.

பிரியந்தினி கடிதத்தை வாங்கி மடித்தாள். சந்தோசப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால், முன்பின் பார்த்திராத அந்தக் கிழவிமேல் நெஞ்சை எரிக்கும் பொறாமைதான் வந்தது.