எட்டாவது நிபந்தனை

1

இந்தக் கதை எனக்குப் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தென்காசியில் ஒரு கடையில் பழைய வார இதழ்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தொடர்கதையின் பதினோராம் அத்தியாயம் வேண்டியிருந்தது. பத்தாம் அத்தியாயத்தில் கதாநாயகியைக் கிணற்றில் தள்ளிவிட்டு நிறுத்தியிருந்தார்கள். சின்ன வயசில் படித்தது, இத்தனை வருஷமாக அவள் கிணற்றிலேயே கிடக்கிறாள். பதினொன்று அகப்படவில்லை. இரண்டு இதழ்களுக்கு நடுவிலிருந்து ஒரு மஞ்சள் தாள் விழுந்தது.

1942-ஆம் வருஷத்துத் தாள். பட்டம் பெற்ற இளைஞர்கள் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர எட்டு நிபந்தனைகள். ஏழுக்கு நேரே பென்சிலால் டிக் போட்டிருந்தது. எட்டாவதற்கு நேரே டிக்கும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை. பென்சில் முனை அழுந்தி ஒடிந்த ஒரு குழி மட்டும்.

யார் அழுத்தியது? கோபத்திலா, குஷியிலா?

தாளில் பெயர் இல்லை. ஆகவே ஆளை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று.*

(* தாளில் இருந்த எண்களைக் கதைக்குத் தோதாக வளைத்திருக்கிறேன். இதை நம்பி யாரும் விண்ணப்பம் போட்டுவிட வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: 'குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு துப்பாக்கிச் சத்தம்—'

பழக்கதோஷம். இந்தக் கதையில் துப்பாக்கி வெடிக்காது.

இரண்டாம் தொடக்கம்: 'வள்ளித்தாய் ஜன்னலோரம் நின்று அவன் வருகிற வழியையே—'

இவளுக்கும் இங்கே வேலை இல்லை. மன்னித்துக்கொள் தாயே, ஜன்னலைச் சாத்திக்கொள்.

மூன்றாவது: உலகம்மை தம்பியின் நெஞ்சைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு இழுத்தாள்.

இது சரி. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

தம்பியின் பெயர் சிவனணைந்தபெருமாள். இலத்தூர்க்காரன், பாளையங்கோட்டையில் படித்து பி.ஏ. வாங்கியவன். வீட்டில் பெருமாள். கயிற்றில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. முதல் முடிச்சு சாதாரண நெஞ்சு. மூச்சை இழுத்தால் இரண்டாவது முடிச்சு வரைக்கும், அதாவது இன்னும் இரண்டு அங்குலம், விரிய வேண்டும். அது ஐந்தாவது நிபந்தனை.

"மூச்ச இழுலே."

இழுத்தான்.

"இன்னும்."

"இதுக்கு மேல இழுத்தா தொழுவத்துல நிக்க எருமையும் உள்ள வந்துரும்க்கா."

"அர இஞ்சு கொறையுது. பி.ஏ. படிச்ச நெஞ்சுல காத்துக்கு எடமில்ல போலிருக்கு." கயிற்றைச் சுருட்டினாள். "ஊர் பூரா கதர் கட்டுதான். நீ என்னடான்னா காக்கிக்கு அலையுதே."

3

இங்கே எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உலகம்மை கேட்டதை நீங்களும் கேட்பீர்கள். 1942-இல் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேரத் துடிக்கிறவன் எப்படிக் கதாநாயகன் ஆவான்? இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன். மூன்றாம் நாள் அவனுடைய அப்பாவை உண்டாக்கினேன்.

சொரிமுத்து. முதல் உலக யுத்தத்தில் பஸ்ரா வரைக்கும் போய்வந்த சிப்பாய். பதினேழு வருஷ சர்வீஸ். முழங்காலில் ஒரு குண்டுச் சில்லு. பட்டாளத்தை விட்டு வருகிற அன்றைக்கு, ஒரு கையெழுத்துக்காக அதிகாரி முன்னால் நாலு மணி நேரம் விறைப்பாக நின்றார். எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இதை வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னார். புகார் மாதிரிகூடச் சொல்லவில்லை. "நல்ல தேக்கு. பிரம்புப் பின்னல்" என்று நாற்காலியைத்தான் மெச்சினார்.

பெருமாளுக்கு அப்போது பத்து வயது. அந்த நாற்காலி அவன் மனசை விட்டு இறங்கவே இல்லை.

அக்காளுக்கு அவன் சொன்ன பதில் இது: "சுதந்திரம் வந்தாலும் பட்டாளம் இருக்கும்லா? அன்னைக்கு அந்த நாற்காலில யாருக்கா உக்காருவா? இப்பமே ஏறி வச்சவன்தான்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. மொதல்ல அர இஞ்சு விரி."

விரியத்தான் வேண்டும், அதுவும் சீக்கிரம். இரண்டாவது நிபந்தனைப்படி இருபத்தைந்து வயது முடிந்துவிடக் கூடாது. தென்காசியில் மருத்துவப் பரிசோதனை நடக்கும் நாளில் அவனுக்கு மீதி இருக்கப்போவது பத்தொன்பதே நாள். இதை விட்டால் ஆயுசுக்கும் கிடையாது.

4

வைத்தியம் சொன்னவர் சொரிமுத்து.

"ஏலே, அருவிக்கு அடியில நெஞ்ச நிமித்தி நில்லு. அது ஓங்கி அடிக்கும். நீ மூச்ச உள்ள பிடிச்சுக்கிட்டு எதுத்து நில்லு. தன்னால விரியும்."

எந்த மருத்துவப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் தலைவலிக்கும் அருவிதான், புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கும் அருவிதான். பெருமாள் தினமும் சைக்கிளை மிதித்துக் குற்றாலம் போனான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்கு அடியில் நின்றான். இருபதாம் நாள் உலகம்மை கயிற்றைப் போட்டாள். முடிச்சு முட்டியது. நம்பாமல் இன்னொரு தடவை போட்டாள்.

"ஏ, முட்டிட்டுலே!"

அத்தோடு விட்டிருக்கலாம். பரிசோதனைக்குப் போகிற காலையிலும் சொரிமுத்து அவனை அருவிக்குக் கூட்டிப்போனார். நல்ல காரியத்துக்குப் போகிறவன் அருவியில் தலையைக் காட்டாமல் போகலாமா? ஒன்றரை மணி நேரம் நின்றான்.

அருவியில் அவ்வளவு நேரம் நின்றவன் கண் எப்படி இருக்கும்? கோவைப்பழமாக இருக்கும். குற்றாலத்துச் சீசனில் பாதி ஜனத்துக்குக் கண் அப்படித்தான். யாரும் அதைக் கோளாறு என்று நினைப்பதே இல்லை. ஆகவே அப்பாவுக்கும் தோன்றவில்லை, மகனுக்கும் தோன்றவில்லை.

எட்டாவது நிபந்தனை: கண்.

5

டாக்டர் ஒரு வெள்ளைக்கார மேஜர். பெயர் வைக்கவில்லை, பெயர் வைத்தால் அவருக்கும் ஒரு அப்பாவை உண்டாக்க வேண்டிவரும். மதராஸிலிருந்து முந்தின நாள் வந்தவர். தங்கியிருந்தது குற்றாலத்தில். (இந்த வரியை ஞாபகத்தில் வையுங்கள்.)

தென்காசி பங்களாவில் கம்பவுண்டர் தங்கசாமி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பட்டமும் வயதும் காகிதத்தில் சரி. உயரம் சரி. எடை சரி. மேஜர் நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்தார். பெருமாள் மூச்சை இழுத்தான். டேப் இரண்டரை அங்குலம் விரிந்தது. மேஜரின் புருவம் ஏறியது. பல் சரி. பாதம் சரி. ஏழு முடிந்தது.

மேஜர் கைக்கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தைக் கண்ணில் விழவைத்தார். இமையைத் தூக்கினார். சட்டென்று இரண்டடி பின்னால் போனார்.

"தொற்று. மூன்று மாதம் கழித்து வா."

மூன்று மாதம்! கையில் இருப்பதோ பத்தொன்பது நாள்.

"ஸார், இது அருவித் தண்ணீர். உங்கள் கம்பவுண்டரையே பாருங்கள். அவரும் காலையில் குளித்தவர்தான்."

மேஜர் தங்கசாமியின் கண்ணைப் பார்த்தார். "இவனுக்குமா!" வராந்தாவுக்கு ஓடினார். காத்திருந்த பதினோரு பேரில் எட்டுப் பேருக்குச் சிவப்பு.

"கொள்ளைநோய்! முகாமை மூடு!"

தங்கசாமி பெருமாளின் காதில் பல்லைக் கடித்தார். "எப்பா ராசா, ஒனக்கு மட்டும் வச்ச ஆப்ப ஊருக்கே வச்சுட்டியேலே. வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்லா?"

6

நானும் இங்கே மாட்டிக்கொண்டேன்.

ஒரு வழி: பெருமாள் மேஜரின் காலில் விழுகிறான். எழுதியும் பார்த்தேன். 'தடாலென்று அவர் காலில்—' வெளியே தூணோரம் நிற்கிற சொரிமுத்து இதைப் பார்த்தால் செத்தே போவார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இன்னொரு வழி: மதராஸிலிருந்து தந்தி வருகிறது. வரும்தான். என் தொடர்கதைகளில் பதினாலு தடவை வந்திருக்கிறது. தந்திச் சேவகனுக்கும் ஓய்வு வேண்டாமா?

கடைசியில் பெருமாளையே கேட்டேன்: அதிகாரியாகத் தகுதி இருக்கிறது என்கிறாயே, காட்டு பார்ப்போம்.

அவன் குரலை உயர்த்தவில்லை. மேஜைமேல் கிடந்த கைக்கண்ணாடியை எடுத்தான். மேஜரின் முகத்துக்கு நேராக, இரண்டு கையாலும், மரியாதையாக நீட்டினான்.

"முகாமை மூடுவதற்கு முன்னால், ஸார், இன்னும் ஒரு ஜோடிக் கண் பாக்கி இருக்கிறது."

இங்கிலீஷில்தான் சொன்னான். தங்கசாமிக்கு அர்த்தம் புரிந்தது. அவர் தன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மேஜர் கண்ணாடியைப் பார்த்தார். நீலக் கருவிழியைச் சுற்றி ரத்தச் சிவப்பு.

(காலையில் கண்ணாடி பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். ஷேவ் பண்ணியபோது பார்த்தார். அதற்கப்புறம்தான் அருவிக்குப் போனார். ஓட்டையை அடைத்தாயிற்று.)

கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோய் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மேஜர் சிரித்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"நாற்பது நிமிஷம் நின்றேன். வெளியே வரவே மனசில்லை."

"யாருக்கும் வராது, ஸார்."

"என் கண் வெளுக்கட்டும், உன் கண்ணும் வெளுக்கிறதா பார்ப்போம். இரண்டு மணி நேரம். எவனும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. எல்லோரும் உட்காருங்கள்."

7

வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். தேக்கு. பிரம்புப் பின்னல்.

பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தூணோரம் ஒருவர் மட்டும் காலையிலிருந்து நின்றபடி நின்றார், குதிகால் சேர்த்து, தாடையை உயர்த்தி, சில்லுக் காலோடு.

"அது யார்?"

"என் தகப்பனார், ஸார். பதினேழு வருஷ சர்வீஸ்."

"ஏன் நிற்கிறார்?"

பெருமாளிடம் நீளமான பதில் ஒன்று இருந்தது. பதினாலு வருஷமாக இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சின்னதாகச் சொன்னான்: "உட்காரச் சொல்லி இதுவரை யாரும் உத்தரவு போட்டதில்லை, ஸார்."

மேஜர் தூணோரம் திரும்பிப் பார்த்தார். "நீயே போடு" என்றார் பிறகு. "உனக்கும் பழக வேண்டுமே."

பெருமாள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தூணோரம் போட்டான்.

"ஐயா, உக்காருங்க."

"தொர நிக்காருலே."

"உக்காருங்கய்யா. இது ஆர்டர்."

சொரிமுத்து மகனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்தார், புதிதாக வந்த அதிகாரியைப் பார்க்கிற மாதிரி. குதிகால்கள் டக்கென்று இடித்தன. கை நெற்றிக்குப் போனது. அப்புறம் உட்கார்ந்தார். முதலில் விளிம்பில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, முதுகு முழுக்க.

"எப்படி அண்ணாச்சி இருக்கு?" என்றார் தங்கசாமி.

சொரிமுத்து கைப்பிடியைத் தடவினார். "பின்னல் லேசா தொய்ஞ்சிருக்கு" என்றார்.

இரண்டு மணி நேரத்தில் மேஜரின் கண் வெளுத்தது. பெருமாளின் கண் அதற்குக் கால் மணி முன்னாலேயே வெளுத்திருந்தது. முத்திரை விழுந்தது: தகுதி. பெருமாள் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தான். எட்டாவது நிபந்தனைக்கு நேரே பென்சிலை வைத்து, தன் பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினான். முனை படக்கென்று ஒடிந்தது.

8

முடிவு எங்கே என்கிறீர்கள்.

அடுத்த நாளே ரயில் ஏற்றலாம். பர்மாவுக்கு அனுப்பலாம். மூன்று நட்சத்திரத்தோடு இலத்தூருக்கு ஜீப்பில் வரவைத்து, உலகம்மையை "காக்கி ஒனக்குப் பொருந்தத்தான் செய்யுது" என்று சொல்லவைக்கலாம். யுத்தகாலம்; வேறு மாதிரியும் நடந்திருக்கலாம். இவை எல்லாவற்றிலும் ஒரு சிக்கல். எந்த முடிவை எழுதினாலும் சொரிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். மகனை வழியனுப்ப, ஜீப் சத்தத்துக்கு வாசலுக்கு வர, தந்தி வாங்க.

அவரை நான் எழுப்பமாட்டேன்.

பென்சில் இனி உங்களுடையது. முனை ஒடிந்திருக்கிறது, சீவிக்கொள்ளுங்கள். எந்த முடிவை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவரை உட்கார வைத்தபடியே எழுதுங்கள்.